பழைய வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவதா, சரிசெய்து விற்பதா? கடலூர், புதுச்சேரிக்கான கணக்கு

கேள்வி இது: கடலூரில் மாதச் சம்பள வேலை, கையில் 15 லட்சம் ரூபாய் சேமிப்பு. வங்கிக் கடனும் சேர்த்து ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா? அல்லது பழைய வீட்டை வாங்கி, பூசி, வெள்ளையடித்து ஏழெட்டு மாதத்தில் லாபத்துக்கு விற்கலாமா? எங்கே தொடங்குவது?

இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம். அதன் கணக்குத் தெரிந்துவிட்டால் முதலாவதில் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம் பதிய முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம். பேசிய விலை, அரசு வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல் இது கணக்காகும். 30 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு 2.70 லட்சம். தரகு ஒரு சதவீதம் என்றால் 30,000. வக்கீல், பத்திர எழுத்தர், வங்கியின் மதிப்பீட்டாளர் எல்லாம் சேர்ந்து 20,000. பழுது பார்ப்பதற்கு 5 லட்சம். 24 லட்சம் கடனுக்கு 9 சதவீதத்தில் 8 மாத வட்டி மட்டும் 1.44 லட்சம். 42 லட்சத்துக்கு விற்றால் அதற்கும் தரகு 42,000. மொத்தச் செலவு 40 லட்சத்தைத் தாண்டிவிடும். ‘30க்கு வாங்கி 42க்கு விற்றேன்’ என்று சொல்லும்போது 12 லட்சம் லாபம் போலத் தெரியும். கையில் நிற்பது 2 லட்சத்துக்கும் குறைவு. 24 மாதத்துக்குள் விற்றால் அது குறுகிய கால ஆதாயம், உங்கள் சம்பளத்தோடு சேர்த்து உங்கள் வரி விகிதத்திலேயே வரி. விற்பனை நான்கு மாதம் தள்ளிப்போனால் வட்டியில் இன்னும் 72,000 போகும். வாங்கிய விலையைவிட 40 சதவீதம் ஏற்றி விற்றும் நிலைமை இவ்வளவுதான். இதையே தொழில்போல இரண்டு மூன்று முறை செய்தால், வருமான வரித் துறை அதை வியாபார வருமானமாகவே எடுத்துக்கொள்ள இடம் உண்டு.

இந்த 9 சதவீதத்தைத் தப்பிக்கக் குறுக்கு வழி சொல்பவர்கள் இருப்பார்கள். கிரயம் வேண்டாம், பவர் எழுதி வாங்கிக்கொண்டு அப்படியே அடுத்தவருக்குக் கைமாற்றிவிடலாம் என்பார்கள். பொது அதிகாரப் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்துபோனாலோ ரத்து செய்தாலோ உங்கள் பணம் நடுத்தெருவில் நிற்கும். கிரய ஒப்பந்தத்தையும் பதியத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு அது கட்டாயம். முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது. மாறினால் வாங்கிக்கொண்டவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். வழிகாட்டி மதிப்பைவிட மிகக் குறைத்துப் பதிவதிலும் ஆபத்து உண்டு. வித்தியாசம் 10 சதவீதத்தையும் 50,000 ரூபாயையும் தாண்டினால், அந்த வித்தியாசமே வாங்குபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும்.

அப்படியானால் பழைய வீட்டை வாங்கி விற்பதில் பணமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது பெயின்ட்டில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தால், பெரும்பாலானவை இடிந்ததால் பூட்டப்பட்டவை அல்ல. தாத்தா பெயரில் பட்டா, நான்கு வாரிசுகள், பாகம் பிரிக்கவில்லை, ஒரு மகள் வெளியூரில், ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். இப்படிப்பட்ட வீட்டுக்கு வங்கி கடன் தராது. கடன் கிடைக்காத வீட்டுக்கு வாங்க ஆளும் குறைவு, விலையும் குறைவு. அந்தச் சிக்கல் முறையாகத் தீர்ந்த நாளில் விலை தானாக ஏறும்.

தீர்க்கும் வரிசை முக்கியம். முதலில் இறப்புச் சான்று, பிறகு வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று. அதில் பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்து, உயிலும் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் மட்டுமல்ல, இறந்தவரின் தாயும் சம பங்காளி. இந்தத் தாயின் பங்கைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த அம்மா பிற்பாடு இறந்திருந்தால் அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும், அதாவது அத்தை, சித்தப்பாக்களுக்கும், அதில் துளிப் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகள்களுக்குச் சமபங்கு. ‘கல்யாணத்துக்கே சீர் செய்துவிட்டோம்’ என்பது எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்புக்குப் பிறகு, தந்தை எப்போது இறந்தார் என்ற கேள்வியும் அதற்குத் தடையில்லை.

வாரிசுகள் தங்களுக்குள் விடுதலைப் பத்திரமோ (தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பாகப்பிரிவினையோ போட்டுக்கொண்டு, ஒருவர் பெயருக்குப் பட்டா மாறிய பிறகு நீங்கள் கிரயம் வாங்குவதுதான் சரி. குடும்ப உறுப்பினர்களுக்கு இடையே இந்தப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வைக்கு 40,000, பதிவுக் கட்டணத்துக்கு 10,000 என்று உச்சவரம்பு இருக்கிறது. வெளியாளான நீங்கள் ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனியாக வாங்கினால் அந்தச் சலுகை கிடையாது. அதைவிடப் பெரிய ஆபத்து, மூன்று பங்கை வாங்கிய பிறகு நான்காமவர் மறுத்தால், பிரிவினை வழக்கில் உங்கள் 15 லட்சம் பல வருடம் முடங்கிவிடும். எனவே பதிந்த கிரய ஒப்பந்தம், சிறு முன்பணம், ‘விடுதலைப் பத்திரமும் பட்டா மாற்றமும் முடிந்த பிறகே கிரயம், இத்தனை மாதத்துக்குள் முடியாவிட்டால் முன்பணம் திரும்ப’ என்ற நிபந்தனை. அனைத்து வாரிசுகளும் கையெழுத்திடாத ஒப்பந்தத்துக்கு முன்பணம் தரவே தராதீர்கள். பொறுமையும் நல்ல வக்கீலும் வேண்டிய வேலை இது. முதல் வீட்டிலேயே இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

முதல் வீடு, வாடகைக்கு என்றே இருக்கட்டும். அதற்கும் கணக்கு உண்டு. 40 லட்சத்தில் வீடு பார்த்து 32 லட்சம் கடன் வாங்கினால், 8.5 சதவீதத்தில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 27,800. இரண்டு போர்ஷனாக விட்டு 14,000 வாடகை வந்தால்கூட மாதம் 13,800 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். அதற்குப் பதில் கடனை 15 லட்சத்தோடு நிறுத்துங்கள். கையில் உள்ள 15, கடன் 15, மொத்தம் 30 லட்சம். இதில் பதிவு, தரகு, பழுது எல்லாம் அடங்க வேண்டும் என்றால் வீட்டின் விலை 25 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. தவணை சுமார் 13,000. வாடகை 10,000 என்று வைத்து, வருடத்தில் ஒரு மாதம் காலி, பழுதுக்கு 10,000, வீட்டு வரி, தண்ணீர் வரி கழித்தால் வருடத்துக்கு 95,000 நிற்கும். போட்ட 30 லட்சத்துக்கு 3.2 சதவீதம். வங்கியின் நிரந்தர வைப்பு இதைவிட அதிகம் தரும். வாடகை வீட்டின் பலன், வாடகை ஏறுவதிலும் மனையின் மதிப்பு ஏறுவதிலும் மெதுவாக வருவது. பத்து வருடம் பொறுக்க முடியாதவர் இதில் இறங்கினால் நட்டப்பட்டு வெளியே வருவார். கடன் விஷயத்தில் இன்னொன்று: 30 லட்சம் வரையிலான கடனுக்கு விலையில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு, உங்களுக்குத் தர வேண்டிய தொகை அல்ல. வங்கி தன் மதிப்பீட்டாளர் சொல்லும் விலையில்தான் கணக்கிடும். பழைய கட்டடத்துக்கு அவர் குறைத்துத்தான் போடுவார்.

எந்த இடம்? இந்தக் கரையோரத்தில் வாடகைக்கு ஆள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், அரசுத் தலைமை மருத்துவமனை; மாற்றலாகி வரும் அரசு ஊழியர்கள் இங்கே வருவார்கள், வாடகை தவறாது, மூன்று வருடத்தில் காலி செய்வார்கள். குடிகாடு சிப்காட்டில் வேலை செய்பவர்கள் முதுநகர்ப் பக்கம் தேடுவார்கள். ஆனால் அந்தத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நீர் மாசு நெடுநாள் பிரச்சினை. குடிநீர் குழாய் இணைப்பு இல்லாத வீடு அங்கே வேண்டாம். புதுச்சேரிச் சாலையில் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் மருத்துவக் கல்லூரிகள். வடக்கே கோரிமேட்டில் ஜிப்மர், காலாப்பட்டில் பல்கலைக்கழகம். மாணவர்களுக்கு விட்டால் வாடகை அதிகம், தேய்மானமும் அதிகம், விடுமுறை மாதங்களில் காலியாகக் கிடக்கும்.

இடத்தைவிட முக்கியம் தண்ணீர். 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல், அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம். கெடிலம், தென்பெண்ணை, பரவனாறு மூன்றும் கடலில் சேரும் இடத்தில் அமைந்த ஊர் கடலூர். குண்டு உப்பலவாடி, தாழங்குடா போல ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளிலும், புதுச்சேரியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான நகர்களிலும், வெயில் காலத்தில் வீடு பார்த்து முடிவு செய்யவே செய்யாதீர்கள். வெளிச்சுவரிலும் மீட்டர் பெட்டியின் அடியிலும் பழுப்புக் கோடு தெரிகிறதா பாருங்கள். எதிர்வீட்டுப் பெரியவரிடம் ‘2024 மழையில தண்ணி எதுவரைக்கும் வந்தது?’ என்று கேளுங்கள். விற்பவர் சொல்லாததை அவர் படியைக் காட்டிச் சொல்லிவிடுவார். பிறகு வாசல் தரைமட்டத்தைச் சாலையின் நடுமட்டத்தோடு ஒப்பிடுங்கள். சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால், ஒரு காலத்தில் மேடாக இருந்த வீடுகள் இன்று பள்ளத்தில் இருக்கின்றன. குறைந்தது 2 அடி உயரம் வேண்டும். சாலையைவிடத் தாழ்ந்த வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். மழையில் கழிவறையில் தண்ணீர் எதிர்த்து ஏறும், குடியிருப்பவர் போய்விடுவார், வாங்குபவரும் வர மாட்டார்.

அடுத்தது உப்பு. கடற்காற்று படும் ஊரில் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, கம்பியைவிடப் பெரிதாக இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் சிமென்ட் பிளந்து கூரையிலிருந்து சில்லுச் சில்லாக விழும். வீடு பார்க்கப் போகும்போது ஒரு சிறு சுத்தியல் கொண்டுபோங்கள். கூரையின் அடிப்பக்கம், சன்ஷேடு, பால்கனி, மொட்டைமாடித் தொட்டியின் தூண்கள், இவற்றைத் தட்டுங்கள். ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. ‘டொப்’ என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. விற்பதற்கு முன் புதிதாகக் கூரைக்கு மட்டும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். சரிசெய்வதென்றால், தளர்ந்த காங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுக்க வேண்டும், கம்பியைக் கம்பித்தூரிகையால் வெள்ளையாகும் வரை தேய்க்க வேண்டும், ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பியின் பருமன் கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி இணைத்தாக வேண்டும். அதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும். வெறும் சிமென்ட்டை அப்பி மூடினால் இரண்டு மழைக்குள் மீண்டும் விழும், இம்முறை குடியிருப்பவர் தலைமேல்.

சுவரின் அடியில் உப்புப் பூத்து, பெயின்ட் பொரிந்து நிற்பது ஓதம். இதன்மேல் பட்டி பார்ப்பது பணத்தைச் சுவரில் தேய்ப்பதற்குச் சமம். ஓதம் ஏறிய கோட்டுக்கு மேலும் ஒன்றரை அடி வரை பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுங்கள், சில வாரம் காய விடுங்கள், உப்பைத் துடைப்பத்தால் தட்டுங்கள், பிறகு நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசுங்கள். இங்கே பலர் செய்யும் தவறு, அந்த வீட்டு போர் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதிலேயே க்யூரிங்கும் (பூச்சை நனைத்து இறுக விடுவது) செய்வது. கம்பி உள்ள காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. கடலோர போர் தண்ணீர் அதைச் சுலபமாகத் தாண்டும். தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு, உப்பாக இருந்தால் லாரித் தண்ணீர் வாங்குங்கள்.

மொட்டைமாடியில் பழைய சுருக்கித் தளம் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட மேல்தளம்) வெடித்திருந்தால், விரிசலை மட்டும் அடைப்பதில் பயனில்லை. மழைநீர்க் குழாயை நோக்கி 10 அடிக்கு 1 முதல் 1.5 அங்குலம் வாட்டம் இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் வாட்டத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். ஒயரிங் பழசு என்றால் முழுவதும் மாற்றுங்கள்: விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, கட்டாயம் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). தண்ணீர்த் தொட்டியை ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுங்கள். தலா நான்கு பேர் உள்ள இரு குடும்பங்களுக்கு 1,080 லிட்டருக்குக் குறையக் கூடாது. போர்ஷனுக்கு ஒரு மின் மீட்டர் இருந்தால் மாதாமாதம் வரும் பாதிச் சண்டை இல்லாமல் போகும். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் எதுவும் இந்த வாடகையில் திரும்பி வராது.

பத்திரம் பார்ப்பதில் சுருக்கம் கூடாது. குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்றும், அதே காலத்து மூலப் பத்திரங்களின் தொடர்ச்சியும் வேண்டும். வில்லங்கச் சான்றில் வராதவை எவை என்று தெரிந்திருக்க வேண்டும்: பதியாத உயில், வாரிசுரிமை, நிலுவையில் உள்ள வழக்கு, உள்ளே குடியிருப்பவரின் உரிமை, வரி பாக்கி. பட்டா வருவாய்த் துறைப் பதிவு மட்டுமே. அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது. கடலூர் நகருக்குள் நகர நில அளவைப் பதிவேட்டையும் வரைபடத்தையும் எடுத்து, டேப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். ‘அடிமனை’ என்ற சொல் எங்காவது தென்பட்டால் நில்லுங்கள். கட்டடம் மட்டும் விற்பவருடையது, நிலம் கோயிலுக்கோ மடத்துக்கோ உரியது என்று பொருள். அப்படி என்றால் நிலத்தை அவரால் விற்கவே முடியாது. மனைப்பிரிவில் உள்ள வீடு என்றால் அங்கீகாரம் இருக்கிறதா, இல்லையென்றால் 2016 அக்டோபர் 20க்குள் பதிந்து பிறகு வரன்முறைப்படுத்தப்பட்டதா என்று பாருங்கள். கடலிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்காற்று விதிகள் பொருந்தலாம். இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லையோரத்தில் வாங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கடலூர்–புதுச்சேரி சாலையில் தமிழகமும் புதுவையும் பின்னிக் கிடக்கின்றன. ஒரு தெரு தள்ளினால் சட்டமே மாறும். மேலே சொன்ன தீர்வை விகிதம், பின்னால் சொல்லப்போகும் வாடகைச் சட்டம் எதுவும் புதுவைப் பகுதிக்குப் பொருந்தாது. அங்கே நிலப் பதிவுகள் ‘நிலமகள்’ தளத்தில், வீட்டு வரி அந்தந்த நகராட்சியில் அல்லது கொம்யூன் பஞ்சாயத்தில், மின்சாரம் புதுவை அரசின் துறையில். பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் (பிரெஞ்சு முறை நோட்டரி) எழுதிய பத்திரம் மூலப் பத்திரமாக இருந்தால் மொழிபெயர்ப்போடு உள்ளூர் வக்கீலே பார்க்க வேண்டும். வாரிசு ஒருவர் பிரான்சில் இருந்து பவர் அனுப்பினால், அது இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ சான்றிடப்பட்டு, இங்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. உள்நாட்டவரிடம் 50 லட்சத்துக்குக் குறைவாக வாங்கும்போது உள்ள விலக்கு இதற்குக் கிடையாது. பிடிக்காமல் விட்டால் அந்த வரி உங்கள் தலையில். பிரெஞ்சு வீதிகளின் பாரம்பரிய வீடுகள் அழகுதான், ஆனால் ஒரு ஜன்னலை மாற்றவும் அனுமதி தேவைப்படலாம். முதல் வீட்டுக்கு அது வேண்டாம்.

வருமான வரியில் வாடகைக்குச் சலுகை உண்டு. கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பழுதுக்காகக் கேள்வி கேட்காமல் கழிக்கலாம், கடன் வட்டியையும் கழிக்கலாம். அதற்கு மேல் நட்டம் நின்றால், பழைய வரி முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழியும். புதிய வரி முறையில் கழியாது. 24 மாதம் தாண்டி விற்றால் நீண்ட கால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம். பழுது பார்த்த ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். வீட்டை மேம்படுத்திய செலவு அன்றைக்குக் கணக்கில் ஏறும். வீட்டுக் காப்பீடும் எடுங்கள். 2021 முதல் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் புயலும் வெள்ளமும் அடங்கும். மனை விலையை விட்டுவிட்டு, கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுக்கு மட்டும் தொகை போட்டால் பிரீமியம் குறைவாகவே வரும்.

கடைசியாகக் குடிவைப்பது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, 11 மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையவழி பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தோடு காலி செய்யச் சொல்லிப் போனால் உங்கள் கை தாழ்ந்திருக்கும். வேறு உடன்பாடு இல்லையென்றால் முன்பணம் 3 மாத வாடகைதான். வாடகை உயர்வு எப்போது, எவ்வளவு. தண்ணீர் மோட்டார் கரன்ட் யார் கட்டுவது. காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பது. இவை மூன்றும் எண்ணாகவே எழுதப்பட்டிருக்கட்டும். சாவி கொடுக்கும் அன்று மீட்டர் அளவு, சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போனில் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழுதுச் செலவுக்குப் பணம் போதவில்லை என்று, ‘வாடகை வேண்டாம், மொத்தமா 5 லட்சம் லீசுக்குக் கொடுங்க’ என்று கேட்பவருக்கு விட்டுவிடத் தோன்றும். அந்தப் பணம் வருமானம் அல்ல, வட்டியில்லாக் கடன். அதைச் சுவரில் போட்டுவிட்டால் மூன்று வருடம் கழித்து அவர் காலி செய்யும் நாளில் கையில் இருக்காது. அடுத்த லீசுக்காரர் கிடைக்கும் வரை அவரும் போக மாட்டார். லீசுக்கு விடுவதென்றால் அந்தத் தொகை முழுவதையும் வங்கியில் வைப்பாகப் போட்டு, அதன் வட்டியை வாடகையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பழுது வேலை மழைக்கு முன் முடிய வேண்டும் என்றால், ஜூனுக்குள் கிரயம், ஜூலையில் மொட்டைமாடி, ஆகஸ்ட், செப்டம்பரில் சுவரும் ஒயரிங்கும். அக்டோபர் நடுவில் பருவமழை தொடங்கும். முதல் பெரிய மழை ஓயும் வரை கடைசிக் கோட் பெயின்ட்டை நிறுத்திவையுங்கள். ஒழுகும் இடம் அப்போதுதான் தெரியும், அதை அடைத்த பிறகு அடித்துக்கொள்ளலாம்.